மேல்கணக்குச் சங்கு

மென்பொருளுக்கு அப்டேட் வந்தால் அதைத் தள்ளிப்போடும் பழக்கம் எனக்கு இல்லை. போனில் வந்தாலும் சரி, ஒஃபிஸ் கொம்பியூட்டரில் வந்தாலும் சரி, கையோடு போட்டுவிடுவேன். சிலர் ‘பிறகு’ என்ற பொத்தானை அழுத்தி அழுத்தியே வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள். அப்படிப்பட்டவர்களோடு வேலை செய்வது எனக்குக் கஷ்டம்.

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, நஸீம் சேர். நேற்று நீங்கள் வாசித்துக் காட்டிய அறிக்கையில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘கவனக்குறைவு’ என்று ஒரு சொல் இருந்தது. சிங்களத்தில் எழுதியிருந்ததை நீங்கள் எனக்காகத் தமிழில் சொன்னீர்கள். என் சிங்களம் உங்களுடையதைவிட மோசமில்லை. அங்கேயும் அந்தச் சொல்லுக்கு அதே அர்த்தம்தான். புதிய மென்பொருளை நிறுவும்போது கணினிப் பொறுப்பாளர் மதுசன் ஒரு வரியைக் கவனக்குறைவாக விட்டுவிட்டார், அதனால் மேல்கணக்கில் எச்சரிக்கைச் சங்கு ஊதவில்லை, அதனால் மண்சரிவில் ஆட்கள் இறந்தார்கள். இதுதான் அறிக்கையின் சாரம். தோட்டத்து மனேஜர், பெரிய துரைக்கும் இது வசதி. வேலை போவது என் ஒருவனுக்கு மட்டும், கம்பனிக்கு ஒரு கீறலும் விழாது. நீங்களும் நல்ல மனதோடுதான் சொன்னீர்கள்.

“கையெழுத்த வெச்சிட்டுப் போங்க மதுசன். தெரியாமச் செஞ்ச பிழைக்கு யாரும் உங்கள ஒண்டும் செய்ய மாட்டாங்க” என்றீர்கள்.

நான் கையெழுத்து வைக்கவில்லை. வெள்ளைத்தாள் கேட்டேன். என் கையாலேயே தமிழில் எழுதுகிறேன். நீங்கள் சிங்களத்துக்கு மாற்றும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எனக்கு எந்த இரக்கமும் தேவையில்லை. அந்த ஒரு சொல்லை வெட்டிவிட்டால் போதும்.

நீங்கள் மாவனல்லைக்காரர், இந்தப் பொலிசுக்கு மாற்றலாகி வந்தவர், எங்கள் தோட்டத்துக்குப் புதியவர். அதனால் முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். புளத்கொகுபிட்டியவில் இருந்து பஸ் ஏறினால் முதலில் ரப்பர், பிறகு தேயிலை. ஃபெக்டரியும் ஒஃபிசும் கீழ்கணக்கில் இருக்கின்றன. கணக்கு என்பது எங்கள் ஆட்கள் டிவிசனுக்குச் சொல்லும் பெயர். ஒஃபிஸ் ஜன்னலைத் திறந்தால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மலைச்சரிவில், மேல்கணக்கு லயங்கள், எங்கள் ஆட்களின் வரிசை வீடுகள், தெரியும். யார் வீட்டு அடுப்பில் புகை வருகிறது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

பக்கத்துத் தோட்டமொன்றில் மலை இறங்கி ஆட்கள் போன பிறகு, ஒரு வெளிநாட்டு உதவித் திட்டம் எங்களுக்கு மழைமானிப் பெட்டிகள் தந்தது. கணக்குக்கு ஒன்று. பெட்டிக்குள் சின்னதாக ஒரு கொம்பியூட்டரும் ஒரு சிம் அட்டையும் இருக்கும். எவ்வளவு மழை பெய்தது என்பதை மணிக்கொரு தரம் ஒரு ஃபைலாக எழுதி, ஒஃபிசில் இருக்கும் லினக்ஸ் சேர்வருக்கு அது அனுப்பும். சேர்வரில் அந்த ஃபைல்களை வாங்கி வைப்பதற்கென்று ஒரு மென்பொருள் உண்டு. தபால் கந்தோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த ஃபைலை நான் எழுதிய புரோகிராம் வாசிக்கும். மழை எல்லை தாண்டினால் மேல்கணக்குக் கோயிலடியில் கம்பத்தில் கட்டியிருக்கும் சங்கு ஊதும். சனங்கள் போட்டது போட்டபடி எழும்பிக் கீழே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும்.

திட்டக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. பெட்டி பூஞ்சணம் பிடித்தால் துடைத்ததும், சிம்முக்கு ரீலோட் போட்டதும், சேர்வர் தூங்கினால் எழுப்பியதும் நான்தான். யாரும் கேட்டுச் செய்யவில்லை. செய்ய வேண்டிய வேலை, செய்தேன்.

சங்கு பல தடவை ஊதியது. முதல் தடவை சனங்கள் விழுந்தடித்து ஓடி வந்தார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். என்னைக் கடவுள் மாதிரி பார்த்தார்கள். மலை இறங்கவில்லை. அடுத்த தடவையும் இறங்கவில்லை. அதற்குப் பிறகு ஆட்களின் நடை மெதுவானது, முணுமுணுப்புக் கூடியது. விடிந்ததும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது நேரத்துக்கு நிற்க முடியாமல் போனவர்களுக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுந்தது. அந்தக் கோபமும் என் மேல்தான். கொழுந்து பறிக்கும் மல்லிகா எனக்குச் சங்கூதி என்று பெயர் வைத்தாள். நான் மேலே போகும்போதெல்லாம் பிள்ளைகள் கையைக் குவித்து ஊதிக் காட்டும். சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். ஒரு தடவையும் அது பொய்யாக ஊதியதில்லை. மழை எல்லை தாண்டியது, ஊதியது. மலை இறங்காதது மலையின் விருப்பம். அதற்கு என் புரோகிராம் பொறுப்பில்லை.

இலட்சுமி அக்காவின் சாவைப் பற்றியும் கேட்டீர்கள். அதற்கும் சேர்வருக்கும் சம்பந்தமில்லை. கேட்டீர்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

இலட்சுமி அக்கா மேல்கணக்குத் தலைவர் செல்லையாவின் மனைவி. தலைவர் என்றால் தொழிற்சங்கத் தலைவர். துரையின் பேச்சுக்கு மேல்கணக்கில் எதிர்ப்பேச்சு உண்டு, தலைவரின் பேச்சுக்கு இல்லை. அவர்களுடைய மகள் ஜீவராணி பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பு. அம்மாமார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவது அங்கேதான். அக்கா நெடுநாள் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். றக்வானவில் இருந்து சொந்தக்காரர்கள் வர வேண்டும் என்று உடலை மறுநாள் வரை வைத்திருந்தார்கள். பின்னேரம் மழை பிடித்தது. பெட்டி ஃபைலை அனுப்பியது, சேர்வர் வாங்கியது, சங்கு ஊதியது. எல்லாம் முறைப்படி நடந்தது.

அந்த வீட்டில் இருந்து மட்டும் ஒருவரும் எழும்பவில்லை. பிரேதத்தைத் தனியே விட்டுவிட்டுப் போவது எங்கள் ஆட்களிடம் கிடையாது. தலைமாட்டில் விளக்கு எரிய வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அவர்கள் எழும்பாததால் பக்கத்து வீடுகளும் எழும்பவில்லை. நான் வாட்ச்சர்மாரைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினேன். வாசலில் நின்று, “செத்தவங்களுக்கு இனி ஒண்ணும் ஆகப் போறதில்ல. உசிரோட இருக்கிறவங்க எழும்புங்க” என்றேன். சொன்னது நான்தான். இன்றைக்கு யோசித்தாலும் அதில் பிழை தெரியவில்லை.

வந்தார்கள். தலைவரைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார்கள். மலை இறங்கவில்லை. விடிந்து திரும்பிப் போனபோது விளக்கு அணைந்து கிடந்தது. அக்காவின் முகத்தில் எறும்பு ஏறியிருந்தது. ஜீவராணிதான் துடைத்தாளாம்.

கருமாதிக்கு நான் போனேன். முறை என்று ஒன்று இருக்கிறது. பந்தியில் உட்கார்ந்தேன். என் முன்னால் இலை போட்டுத் தண்ணீரும் தெளித்தாகிவிட்டது. ஜீவராணி சோற்றோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். குனிந்து இலையை எடுத்துச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். வெறும் தரைக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழும்பி வந்தேன். அவமானமாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் ஞாபகமே வந்தது. இளம் இலை, நுனிக்குக் கிட்ட ஒரு கிழிசல் இருந்தது. என் பக்கத்தில் இருந்தவருக்குப் பருப்பு ஊற்றியாகிவிட்டது, எனக்கு உப்புகூட வைக்கவில்லை.

அதற்குப் பிறகு தலைவர் ஆட்களோடு ஒஃபிசுக்கு வந்தார். சங்கைக் கழற்றச் சொல்லிப் பெரிய துரையிடம் கேட்டார்கள். துரை முடியாது என்றார். சங்கு இருந்தால்தான் தோட்டத்துக்குக் காப்புறுதி என்று அவர் கவலை. வெளியே வந்த தலைவர் என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

“தம்பி, தொர ஏலாதுன்னுட்டாரு. ஆனா சங்கு உங்க கையில தானே இருக்கு. இனிமே எங்கள எழுப்பாதீங்க. மல வந்தா எங்க தலையில தானே விழப்போவுது, உங்க தலையிலயா? எங்கள எங்க பாட்டுக்கு விட்ருங்க. நீங்களும் வீணா அலஞ்சி கரதரப்படாதீங்க.”

“சரிங்க தலைவரே” என்றேன். சுற்றி நின்ற ஆட்களும் கேட்டார்கள். அவர்களில் உயிரோடு இருப்பவர்களை நீங்கள் விசாரிக்கலாம்.

இந்த இடத்தைக் கவனமாக மொழிபெயருங்கள், சேர். எழுப்ப வேண்டாம் என்று கேட்டது அவர்கள். நான் யாருக்கும் குறுக்கே போகவில்லை.

தலைமை ஒஃபிசில் இருந்து அந்த உத்தரவு வந்தது இதற்குப் பிறகுதான். எங்கள் சேர்வரில் இருந்த லினக்ஸ் பழைய பதிப்பு. அதற்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, எல்லாத் தோட்டங்களும் புதிய பதிப்புக்கு மாற வேண்டும், ஃபைல் வாங்கும் மென்பொருளையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மற்றத் தோட்டங்களில் இதை எப்படிச் செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஓடுகிற சேர்வரிலேயே கையை வைத்து, பாதியில் கவிழ்த்துவிட்டு, இரண்டு நாள் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்கள்.

நான் அப்படிச் செய்யவில்லை. முதலில் எல்லாவற்றையும் பிரதி எடுத்தேன். பிரதி எடுத்தால் போதாது, அது திரும்ப விரிகிறதா என்றும் பார்த்தேன். பழைய சேர்வர் தன் பாட்டில் ஓட, பக்கத்தில் இன்னொரு இயந்திரத்தில் புதிய லினக்ஸை நிறுவினேன். ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப் பெயர், தனி அறை. தன் அறையை விட்டு இன்னொன்றுக்குள் எட்டிப் பார்க்க முடியாதபடி பூட்டு. வெளியில் இருந்து உள்ளே வர ஒரே ஒரு வாசல், மற்றதெல்லாம் அடைப்பு. மின்சாரம் போய் வந்தால் மென்பொருள் தானாக எழும்புகிறதா என்று வயரைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன். எழும்பியது. பிறகு பெட்டிகளை ஒவ்வொன்றாகப் புதிய சேர்வருக்குத் திருப்பினேன்.

மேல்கணக்குப் பெட்டி மட்டும் உள்ளே வரவில்லை. பெட்டியும் சேர்வரும் பேசத் தொடங்குவதற்கு முன் எந்த வகைச் சாவியைப் பாவிப்பது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். மேல்கணக்குப் பெட்டிதான் எல்லாவற்றுக்கும் முதலில் பொருத்தியது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு பழைய வகைச் சாவி. அந்த வகை பலவீனமானது என்று புதிய பதிப்பில் அதை நிறுத்திவைத்திருக்கிறார்கள். இதற்கு வழி இல்லாமல் இல்லை. அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் சேர்வர் பழைய சாவியையும் ஏற்றுக்கொள்ளும். எழுதினேன். மென்பொருளை நிறுத்தி எழுப்பினேன். பெட்டி உள்ளே வந்தது, ஃபைல் விழுந்தது.

ஆகவே நான் வரியை விட்டுவிட்டேன் என்று அறிக்கை சொல்வது தவறு. வரியை எழுதினேன், சோதித்தேன், அது வேலை செய்தது.

பிறகு அந்த வரியின் தலையில் ஒரு குறி போட்டேன். போனுக்கு ரீலோட் போடும்போது கடைசியாக அழுத்துவீர்களே, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட குறி, அதுதான். லினக்ஸில் ஒரு வரிக்கு முன்னால் அந்தக் குறி நின்றால் மென்பொருள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். வரி அழியாது. அங்கேயே இருக்கும், பார்க்கிறவர் கண்ணுக்கும் தெரியும். மென்பொருளை மறுபடி நிறுத்தி எழுப்பினேன். மேல்கணக்குப் பெட்டி தட்டியது, சேர்வர் திறக்கவில்லை. அதையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பழைய சேர்வரை நிறுத்தினேன்.

பழைய வகைச் சாவிகளை ஏற்கக் கூடாது என்று தலைமை ஒஃபிஸ் அனுப்பிய விதிகளிலும் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். மேலிடமும் வேண்டாம் என்றது, தலைவரும் வேண்டாம் என்றார். இரண்டு பக்கமும் ஒத்துப்போன ஒரே விஷயம் எங்கள் தோட்டத்தில் இதுவாகத்தான் இருக்கும்.

மாதம் ஒரு தரம் சோதனைக்காக ஒஃபிசில் இருந்தே சங்கை ஊதவிடுவது வழக்கம். அதை நான் நிறுத்தவில்லை. சங்கு நன்றாகவே இருந்தது. அதற்குச் சொல்லிக்கொடுக்கும் பெட்டியின் குரல்தான் உள்ளே வரவில்லை. ஒரு பெட்டியில் இருந்து ஃபைல் வராவிட்டால் என் போனுக்குக் குறுஞ்செய்தி வரும்படியும் முன்பே எழுதிவைத்திருந்தேன். அதையும் நிறுத்தவில்லை. செய்தி ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. நான் ஒழுங்காக வாசித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் அறிக்கையில் இல்லாத ஒன்று இருக்கிறது. ஜீவராணி இன்னும் யாரோடும் பேசவில்லை என்றீர்கள். அதனால் அவள் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. நானே எழுதிவிடுகிறேன். ஒன்றையும் விடாமல் எழுதுவதுதான் என் பழக்கம்.

மழைக்காலம் தொடங்கியபோது அவள் ஒஃபிசுக்கு வந்தாள். கருமாதிக்குப் பிறகு அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசியது அன்றைக்குத்தான். பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் நிலம் வெடித்திருக்கிறதாம். கதவு இழுத்தாலும் சாத்த முடியவில்லையாம். பீலியில் வருகிற தண்ணீர் கலங்கி வருகிறதாம்.

“அப்பா வீம்புக்குப் பேசிட்டாரு. அவருக்கும் இப்ப பயம்தான், வாயால சொல்ல மாட்டாரு. நான் அன்னிக்கு எலைய எடுத்ததும் தப்புதாங்க. அத மனசுல வச்சிக்காதீங்க. சங்கு இருக்கு தானே? இப்ப எல்லாரும் அத நம்பித்தான் படுக்கிறோம். ஊதுனா புள்ளைங்கள தூக்கிட்டு ஓடிருவோம்” என்றாள்.

“சேர்வர் இப்ப முந்தியவிட நல்லா ஓடுது. பயப்படாம போங்க” என்றேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. சேர்வர் முன்பைவிட நன்றாகத்தான் ஓடியது. அவள் வாழை இலையில் கட்டிய சோற்றுப் பார்சல் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மத்தியானம் சாப்பிட்டேன். பலாக்காய்க் கறி, நல்ல ருசி.

அப்போதே அந்தக் குறியை எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்டுக்கொண்டவர் தலைவர். வேண்டும் என்றால் அவர்தான் வந்து சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு ஒருவர் வந்து ஒவ்வொன்று சொன்னால் ஒரு சேர்வரை நடத்த முடியாது. அவர் வரவில்லை. நான் காத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லீவு. இருந்தாலும் ஒஃபிசுக்குப் போனேன். முதல்நாளே பிடித்த மழை விடவில்லை. கீழ்கணக்குப் பெட்டியும் நடுக்கணக்குப் பெட்டியும் ஃபைல் அனுப்பிக்கொண்டிருந்தன. கீழேயே இவ்வளவு என்றால் மேலே எவ்வளவு என்று கணிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. சேர்வர் தன்னிடம் வருகிறவர்களை எல்லாம் ஒரு பதிவில் எழுதிவைக்கும். அதைத் திறந்துவைத்துக்கொண்டேன். மேல்கணக்குப் பெட்டி தட்டுகிறது. பொருந்தும் சாவி இல்லை. இணைப்புத் துண்டிக்கப்பட்டது. மறுபடி தட்டுகிறது. அந்தப் பெட்டிக்கு ஒரு நல்ல குணம், அலுத்துப்போகாது. அனுப்ப முடியாத ஃபைலை எறியவும் செய்யாது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரு குறியை அழிக்க ஒரு விசை போதும். நான் பிளேன்டீ ஊற்றிக் குடித்தேன்.

மழை வெளித்த நேரம் பார்த்து ஜன்னலைத் திறந்தேன். மேல்கணக்கில் அடுப்புப் புகை தெரிந்தது. ஞாயிறு என்பதால் எல்லோரும் வீட்டில். ஒருவர்கூடப் பள்ளிக்கூடப் பாதையில் இறங்கவில்லை. மல்லிகா ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்குமூலத்தை நேற்று வாசித்தீர்கள். “மழ கூடத்தான் பேஞ்சிச்சி. ஆனா சங்கு ஊதலையேன்னு நம்பி இருந்துட்டோம்” என்று சொல்லியிருக்கிறாள். அந்த வரியை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லி உங்களிடம் கேட்டேன். நீங்களும் வாசித்தீர்கள். எதற்காகக் கேட்டேன் என்று நீங்கள் யோசிக்கவில்லை.

பின்னேரம் மலை இறங்கியது. நான் ஜன்னலடியில்தான் நின்றேன். சத்தம் பிந்தித்தான் வந்தது. முதலில் மேல்லயத்துக்குப் பின்னால் இருந்த தேயிலை அப்படியே, நின்ற நிலையிலேயே, கீழே நகர்ந்தது. பிறகு லயத்தின் ஒரு பாதி இல்லை. மல்லிகாவின் பிள்ளைகள் அந்தப் பாதியில் இருந்தார்கள். தலைவரும் அதில்தான். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன ஜீவராணி தப்பிவிட்டாள்.

இதுவரை எழுதியதை வைத்து நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். தலைவர் கேட்டார், இவன் கேட்டபடி நடந்தான், கொஞ்சம் பிடிவாதக்காரன் என்று. அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நானும் நினைத்தேன். ஆனால் மறுநாள் நடந்ததையும் அறிக்கையில் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று எழுதிவைத்திருக்கிறீர்கள். அந்தச் சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை வெயில் எறித்தது. மேல்கணக்கில் இராணுவப் பொடியன்மாரும் பொலிஸ்காரர்களும் ஊர்ச்சனமும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கீழே உடுப்பும் பிஸ்கட்டும் சேர்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஒருவர் வந்து சொன்னார், தலைவர் உயிரோடு இருக்கிறாராம், மண்ணுக்கு அடியில் இருந்து தகரத்தைத் தட்டுகிறாராம், மகள் கூப்பிட்டால் பதிலுக்குத் தட்டுகிறாராம். எல்லோரும் கும்பிட்டார்கள். ஜீவராணி ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து மண்ணை அள்ளுகிறாள், யார் சொன்னாலும் அந்த இடத்தைவிட்டு எழும்ப மாட்டேன் என்கிறாள் என்றும் சொன்னார்.

நான் ஒஃபிசுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அமைப்புக் கோப்பைத் திறந்தேன். அந்தக் குறியை எடுத்தேன்.

எடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பெட்டி சேர்த்துவைத்திருந்த ஃபைல்கள் எல்லாம் வரிசையாக வந்து விழும். என் புரோகிராம் ஃபைல் எந்த நாளுடையது என்று பார்க்காது, மழையை மட்டும்தான் கூட்டும். அதை அப்படி எழுதியவன் நான். கூட்டினால் எல்லை தாண்டும், தாண்டினால் ஊதும். ஊதினால் மலை மறுபடி இறங்கப்போகிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். தோண்டுவது நிற்கும். இவ்வளவும் தெரிந்துதான் மென்பொருளை நிறுத்தி எழுப்பினேன். முதல்நாள் குறியை எடுக்காமல் உட்கார்ந்திருந்ததும் தெரிந்துதான். தலைவர் கேட்காவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். இதில் எங்கே கவனக்குறைவு இருக்கிறது, சொல்லுங்கள்.

ஃபைல்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன. ஒன்றுகூடப் பழுதில்லை. சங்கு ஊதியது.

முதல் தடவை ஊதியபோதுகூட அவர்கள் இப்படி ஓடியதில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு, ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு, நேரே பள்ளிக்கூடப் பாதைக்கு வந்தார்கள். ஜீவராணியை இரண்டு இராணுவப் பொடியன்மார் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் திமிறினாள், கடித்தாள். அவர்கள் விடவில்லை. மலையைப் பரிசோதித்து, ஆபத்தில்லை என்று அதிகாரிகள் சொல்லி, எல்லோரும் திரும்பிப் போகப் பின்னேரமாகிவிட்டது. அப்போது தகரச் சத்தம் இல்லை. தலைவரை வெளியே எடுத்தபோது உடல் இன்னும் விறைக்கவில்லை என்று வைத்தியர் எழுதியிருப்பதை நீங்கள்தான் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள்.

நான் ஜன்னலடியில் நின்று கடைசி ஆள் பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு யாரும் முணுமுணுக்கவில்லை, ஒருவரும் கையைக் குவித்து ஊதிக் காட்டவில்லை. அந்தச் சங்கை அவர்கள் அப்படி மதித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நீங்களும் ஓடினீர்கள், நஸீம் சேர். விழுந்த தொப்பியைக்கூட எடுக்காமல், மிக நன்றாக ஓடினீர்கள்.